பத்து நாள் வீடு பூட்டு: மீன்தொட்டிக்கு பட்டினியா, பீடரா, பக்கத்து வீட்டு அன்ரியா?

ஆகஸ்ட் லீவு கிட்ட வந்தா எனக்கு வாற போன் பாதிக்கு மேல இதுதான். "அண்ணை, நல்லூர் தேருக்குப் போறம், ஒரு கிழமை யாழ்ப்பாணத்திலதான் நிப்பம், மீனுக்கு என்ன செய்யிறது?" பிறகு ஒராள், "பலாலியால சென்னை போறம், கோயில் எல்லாம் பாத்து வர பன்ரெண்டு நாள் செல்லும்." இன்னொராள், "அக்கா கனடாவுக்குக் கூப்பிட்டிருக்கிறா, ஒரு மாசம்." மூண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்லேலாது. ஆனா மூண்டு பேரும் கேக்கிறது ஒண்டைத்தான், சாப்பாட்டுக்கு என்ன வழி எண்டு. அங்கதான் பிழை. கிளிநொச்சிப் பக்கம் நான் தொட்டி வச்சிருக்கிற இவ்வளவு காலத்தில, ஆக்கள் ஊருக்குப் போன இடத்தில பட்டினியால செத்த மீனை நான் காணேல்லை. கரண்ட் நிண்டு செத்ததைக் கண்டிருக்கிறன், தகரக் கூரை வெக்கையில செத்ததைக் கண்டிருக்கிறன், அன்பான ஆக்கள் அள்ளி அள்ளிப் போட்டுச் செத்ததை எத்தினை தரம் எண்டு எண்ணவே ஏலாது.

அதால எது வேண்டுறது எண்டு யோசிக்க முதல் உங்கட வீட்டைப் பற்றி அஞ்சு விசயத்தைப் பாருங்கோ.

முதல்ல பாக்க வேண்டியது

எத்தினை நாள்? நாலு நாளும் நாற்பது நாளும் ஒண்டில்லை. நல்லா வளந்த, நோய் இல்லாத மீன் ஒரு கிழமை சாப்பிடாம இருக்கும், அதுக்கு அது பெரிய விசயமே இல்லை. குஞ்சு அப்பிடி இல்லை, அதுக்கு நாளுக்கு ரெண்டு மூண்டு தரம் வேணும்.

என்ன மீன்? பைற்றர், குராமி எல்லாம் எங்கட குளத்து விரால், பனையேறிக் கெண்டை மாதிரி மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி, எயார் பம்ப் நிண்டாலும் கனநேரம் சமாளிக்கும். கோல்ட் பிஷ் அப்பிடிக் காத்துக் குடிக்கிற சாதி இல்லை, அழுக்கும் கூட, வெக்கையும் பிடிக்காது. ஒஸ்கார் மாதிரி பெரிய சாமானுக்கும் அழுக்கு கூடத்தான்.

வெக்கை. வீடு பூட்டிக் கிடந்தா உள்ளுக்குச் சூடு ஏறும், அதுவும் சீற் கூரையோ தகரமோ எண்டா சொல்லத் தேவையில்லை. 25 பாகைத் தண்ணி ஒரு லீற்றர் கிட்டத்தட்ட 8 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிச்சு வச்சிருக்கும், 35 பாகையில அது 7 அளவுக்கு வந்திடும். ஒண்டுதானே குறையுது எண்டு நினைக்கக்கூடாது, ஏனெண்டா அதே சூட்டில மீனுக்கு மூச்சும் கூடத் தேவைப்படும், கீழ கிடக்கிற ஊத்தை பழுதாப் போறதும் கெதியா நடக்கும், அதுவும் ஒட்சிசனைத்தான் இழுக்கும்.

கரண்ட். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினதை மறந்திருக்க மாட்டியள். இப்ப அப்பிடி இல்லைத்தான், ஆனா 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறையில ஒரு குரங்கு கிறிட் சப்ஸ்ரேசனுக்குள்ள பூந்து முழு நாடும் இருட்டாக் கிடந்தது. பாணந்துறைக் குரங்குக்கு வட்டக்கச்சி மீன் மூச்சுத் திணறுற நாடு இது.

கடைசியா, வீட்டுத் திறப்பை ஆரிட்டக் குடுக்கலாம்? இதுக்கு ஆள் இருக்கோ இல்லையோ எண்டதிலதான் மிச்சம் எல்லாம் கிடக்கு, ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

வழி 1: ஒண்டும் போடாம விட்டிட்டுப் போறது

கேக்க ஒரு மாதிரித்தான் இருக்கும். பிள்ளையள் "பாவம் அப்பா" எண்டு அழுங்கள். ஆனா அஞ்சு நாள், ஏழு நாள் எண்டா நான் இதைத்தான் செய்யிறன். மீன் எங்களை மாதிரி உடம்பைச் சூடாக்கிறதுக்கு சாப்பாட்டைச் செலவழிக்கிறேல்லை, அதால குறைய இருந்தாக் காணும். செடி, பாசி இருக்கிற தொட்டி எண்டா அதைக் கொத்திக்கொண்டே திரியும். சாப்பாடு போகாட்டி கழிவும் குறையும், கழிவு குறைஞ்சா அதில இருந்து வாற அமோனியா எண்ட நஞ்சும் குறையும், தண்ணி துப்பரவாவே கிடக்கும்.

செலவு சதம் இல்லை. மறைஞ்சிருக்கிற செலவு எண்டா ஒண்டு, பெரிய மீனும் சின்ன மீனும் ஒண்டாக் கிடந்தா பசியில பெரிசு சின்னனைப் பாக்கிற பார்வை மாறிடும். கப்பிக் குஞ்சு நிண்டா திரும்பி வரேக்க எண்ணிக்கை குறைஞ்சிருக்கும். போறதுக்கு முதல் நாள் "காணட்டும்" எண்டு டபுளாப் போட்டுட்டு மட்டும் போகாதேங்கோ. அது பட்டினியை விட மோசம்.

கொழும்புக்குக் கலியாண வீடு, மடுத் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மா வீட்டை போய் நிக்கிறது, இப்பிடியான சின்னப் பயணத்துக்கு இதுக்கு மேல யோசிக்கவே தேவையில்லை.

வழி 2: ஓட்டோ பீடர்

பற்றறியில வேலை செய்யிற சின்ன உருளை, சொன்ன நேரத்துக்கு ஒருக்காச் சுத்தி சாப்பாட்டைக் கொட்டும். எட்டு நாளில இருந்து மூண்டு கிழமை வரைக்கும், ஒரே அளவு சாப்பாடு சாப்பிடுற தொட்டிக்கு இதுதான் சரி. கரண்ட் போனாலும் பீடர் நிக்காது, அது நல்லதும் கெட்டதும். எப்பிடிக் கெட்டது எண்டா, கரண்ட் போய் பில்டர் நிண்டு மீன் மூச்சுக்கு மேல வந்து நிக்கேக்கயும் இது மணி பாத்து சாப்பாட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

பெட்டியில எழுதாத செலவு ரெண்டு. முதலாவது ஈரம். சூடான தண்ணிக்கு மேல வாய் வச்சுக்கொண்டு கிடக்கிற சாமான், தட்டைத் தட்டையான பிளேக் சாப்பாடு எண்டா மூண்டாம் நாள் கட்டி பட்டு வாயில ஒட்டிக்கொண்டு நிண்டுடும், இல்லாட்டி ஒரேயடியா ஒரு கட்டியா விழும். சின்ன உருண்டை பெலட் எண்டா அவ்வளவு கரைச்சல் இல்லை. ரெண்டாவது எறும்பு. இதை ஆரும் சொல்லுறேல்லை. நான் முதல் முதல் பீடர் பூட்டின கிழமை, லைற் வயர் வழியா சின்னச் சிவத்த எறும்பு வரிசையா இறங்கி, பீடர் வாயுக்குள்ள போய், ஒவ்வொண்டும் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு சுவரில ஏறுது. மீன் கீழ நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது. தொட்டிக்கு வெளியில வயரில ரெண்டு விரல் அகலத்துக்கு வசிலின் பூசிவிட்ட பிறகுதான் நிண்டுது.

இது சரி எண்டு பட்டா போறதுக்கு ஒரு கிழமைக்கு முதலே பூட்டி, கீழ ஒரு கடுதாசியைப் பிடிச்சு ஒரு சுத்துக்கு எவ்வளவு விழுது எண்டு பாருங்கோ. ஓட்டையை எவ்வளவு சின்னனா வைக்கேலுமோ அவ்வளவு சின்னனா வையுங்கோ, ரெண்டு நாளுக்கு ஒரு சுத்து எண்டாலும் காணும். புதுப் பற்றறி போடுங்கோ, ரிமோட்டுக்குள்ள இருந்து கழட்டினதைப் போடாதேங்கோ.

வழி 3: லீவுக் கட்டி

வெள்ளைக் கட்டியா, இல்லாட்டி ஜெலி மாதிரி விப்பினம், தண்ணிக்குள்ள போட்டா மெல்ல மெல்லக் கரையும் எண்டு. வெள்ளைக் கட்டி அனேகமா ஜிப்சம் எண்ட கல்சியக் கல், உள்ளுக்கு கொஞ்சச் சாப்பாடு. எங்கட கிணத்துத் தண்ணி கன இடத்தில ஏற்கெனவே வன்தண்ணி, அதுக்குள்ள இன்னும் கல்சியத்தைக் கரைக்கிறது என்னத்துக்கு? ஜெலி எங்கட வெக்கைக்கு ரெண்டு நாளில நாறும். மலிவு எண்டுதான் வேண்டுறது, ஆனா எனக்கு இதில விருப்பம் இல்லை. ஏழு நாளுக்கு எண்டா பட்டினி இதை விட நல்லது, ஏழுக்கு மேல எண்டா பீடர் நல்லது.

வழி 4: பக்கத்து வீட்டு ஆள்

எங்கட பக்கத்து வீட்டு அன்ரி நல்ல மனுசி. கொழும்பில கலியாண வீடு எண்டு அஞ்சு நாள் போகேக்க சாப்பாட்டுப் பேணியை அப்பிடியே அவவிட்டக் குடுத்தன், "ஒரு சிட்டிகை போடுங்கோ அன்ரி, ஒரு நேரம் காணும்." நான் நினைச்ச சிட்டிகை வேற. அவவுக்கு சிட்டிகை எண்டா கறிக்கு உப்புப் போடுற சிட்டிகை. இரவு பஸ்ஸால இறங்கி விடியப்புறம் கதவைத் திறக்க முதல்ல வந்தது மணம். லைற்றைப் போட்டா தொட்டி கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கிக் கிடக்கு, கல்லுக்கு மேல சாப்பாடு பஞ்சு மாதிரி பூத்துக் கிடக்கு, மேல பிளாட்டி ஏழெட்டு வயிறு தெரிய மிதக்குது. பேணியில பாதிக்கு மேல முடிஞ்சுது. அன்ரி வந்து பாத்துட்டு கண் கலங்கினா, "தம்பி, நான் கிட்டப் போகேக்க எல்லாம் கண்ணாடியில வந்து முட்டி முட்டி நிண்டுதுகள், பாக்கப் பாவமாக் கிடந்துது, அதுதான் மத்தியானமும் போட்டன், பின்னேரமும் போட்டன்."

மீன் ஆர் கிட்டப் போனாலும் அப்பிடித்தான் வரும். வயிறு நிறைஞ்சாலும் வரும். அது அன்ரிக்கு எப்பிடித் தெரியும், நான்தானே சொல்லியிருக்க வேணும்.

ஆனா இதுக்குப் பிறகும் நான் பக்கத்து வீட்டு ஆளை விடேல்லை, இன்னும் கூட நம்புறன், வேற வேலைக்கு. ஏனெண்டா ட்ரிப் சுவிச். இடிமுழக்க நேரம் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்திடும். பிறகு ஊர் முழுக்கக் கரண்ட் வந்தாலும் உங்கட வீட்டுக்கு வராது, ஆராவது வந்து தட்டி விடும் வரைக்கும் அப்பிடியே கிடக்கும். அதைச் செய்ய பீடரும் ஏலாது, எந்த ஆப்பும் ஏலாது, திறப்பு வச்சிருக்கிற மனிசர்தான் ஏலும். அதால திறப்பைக் குடுங்கோ, பேணியைக் குடுக்காதேங்கோ. பேணியை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, பத்து நாளுக்கு மேல எண்டா மட்டும் திருநீறு மடிக்கிற மாதிரி சின்னச் சின்னக் கடுதாசிச் சரையில ஒரு நேரத்து அளவை மடிச்சு, மேல திகதி எழுதிக் குடுங்கோ. கிழமை நாள் போட்ட குளிசைப் பெட்டி இருந்தா அது இன்னும் வடிவு. ரெண்டு நாளுக்கு ஒரு சரை. "ஒரு நாள் மறந்தா அடுத்த நாள் ரெண்டாப் போட வேண்டாம்" எண்டதையும் சொல்லுங்கோ, இல்லாட்டிக் கட்டாயம் போடுவினம்.

இந்த வழிக்கும் செலவு இருக்கு, காசில்லை. வரேக்க வெறுங்கையோட வரேலாது, தொட்டியில ஏதும் நடந்தா முகத்தை முறிக்கவும் ஏலாது. அன்ரியோட அந்தப் பேணிக் கதையை நான் இண்டைவரைக்கும் சிரிச்சுத்தான் கதைக்கிறன்.

வழி 5: மீனையே கொண்டுபோய் விடுறது

ஒரு மாசம், ரெண்டு மாசம் எண்டா வேற வழி பெரிசா இல்லை. ஒண்டு, மீன் வளக்கிற தெரிஞ்ச ஆளிட்ட. மற்றது, வளவுக்குள்ள நிழலில கிடக்கிற பழைய சீமெந்துத் தொட்டி.

ஆளிட்டக் குடுக்கிறதில பயம் வெள்ளைப்புள்ளி மாதிரித் தொத்து நோய். அவற்ற தொட்டியில இருக்கிற நோய் உங்கட மீனுக்கு, உங்கடது அவருக்கு. வேற தொட்டி இருந்தா மட்டும் குடுங்கோ. இன்னொண்டு கன பேர் யோசிக்கிறேல்லை: மீன் போனாப் பிறகு வீட்டுத் தொட்டிப் பில்டரில இருக்கிற பற்றீரியாவுக்கு சாப்பாடு இல்லை. அமோனியாவை நைத்திரைற்றாவும் பிறகு நைத்திரேற்றாவும் மாத்துறது அதுதான். ஒரு மாசம் வெறுந் தொட்டியா ஓடினா வந்து மீனை விடேக்க அது புதுத் தொட்டி மாதிரித்தான். அதால பில்டர் ஸ்பொஞ்சை ஈரத்தோட மீனோட சேத்துக் குடுத்து விடுங்கோ, திரும்பி வரேக்க அதோடயே கொண்டுவாங்கோ.

சீமெந்துத் தொட்டி கப்பி, மொலி, பிளாட்டிக்கு சொர்க்கம், நுளம்புக் குடம்பியைத் தானே பிடிச்சுத் திண்டு கொழுத்துப்போய் நிக்கும், சாப்பாட்டுச் சோலியே இல்லை. ஆனா புதுசாக் கட்டின தொட்டி கூடாது, சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணி காரமாகும். மேல வலை போடாட்டி மீன்கொத்தியும் கொக்கும் பந்தி போட்டிடும், பூனை வேற. மார்கழிப் பயணத்துக்கு இது சரிவராது, எங்கட பக்கம் ஐப்பசி பிறந்தா மழை ஊத்துற ஊத்துக்கு தொட்டி வழிஞ்சு கப்பி எல்லாம் வாய்க்காலுக்குள்ள. ஆடி, ஆவணியில எண்டா மாமரத்து நிழல் கட்டாயம், கச்சான் காத்துக்கு தண்ணி வத்துறதைப் பாக்க ஒராளும் வேணும்.

இன்னொரு வழியும் சில பேர் செய்யினம், சக்கர் மீன் (கண்ணாடியில ஒட்டிக்கொண்டு திரியிறது) பெருத்துப்போச்சு, ஆரும் எடுக்கினமில்லை எண்டு குளத்தில விட்டிட்டுப் போறது. தயவு செய்து வேண்டாம். இரணைமடுவோ உங்கட ஊர்க் குளமோ, அதை நம்பி வலை போடுற சனம் இருக்கு, அது அங்க பெருகினா கரைச்சல் அவைக்குத்தான்.

ஒரு பார்வைக்கு இப்பிடி வரும்:

| வழி | எவ்வளவு நாளுக்கு | கரண்ட் போனா | சொல்லாத செலவு |
|---|---|---|---|
| ஒண்டும் போடாம விடுறது | 7 நாள் வரைக்கும் | மற்ற எல்லாத்தையும் விடப் பயம் குறைவு | குஞ்சு மிஞ்சாது |
| ஓட்டோ பீடர் | 8 – 21 நாள் | கொட்டிக்கொண்டே இருக்கும் | ஈரம், எறும்பு, ஒரு கிழமை ஒத்திகை |
| லீவுக் கட்டி | வேண்டாம் | தண்ணி இன்னும் கெடும் | கல்சியம், நாத்தம் |
| பக்கத்து வீட்டு ஆள் | ஒரு மாசத்துக்குள்ள | ட்ரிப் சுவிச் தட்ட ஆள் இருக்கு | கூடச் சாப்பாடு, கடமைப்பாடு |
| கொண்டுபோய் விடுறது | ஒரு மாசமும் அதுக்கு மேலயும் | போற இடத்தைப் பொறுத்தது | நோய், பில்டர் பற்றீரியா |

எந்த வழி எண்டாலும் காத்துக்கு ஒரு வழி வேணும்

சாப்பாட்டுக்கு நீங்கள் எதை எடுத்தாலும், காசு செலவழிக்க ஆசை எண்டா இதில செலவழியுங்கோ.

ஆக மலிவு, போனுக்குப் பாவிக்கிற பவர் பேங்கும் யூஎஸ்பி எயார் பம்ப்பும். 10,000 மில்லியம்பியர் பவர் பேங்க் கணக்குக்கு 37 வோட் மணித்தியாலம், நட்டம் போக ஒரு 25 எண்டு வையுங்கோ, ஒண்டரை வோட் பம்ப் எண்டா பதினைஞ்சு மணித்தியாலத்துக்கு மேல ஓடும். பிரச்சினை, கரண்ட் போனா அதை ஆர் போடுறது? வீட்டில ஆள் நிண்டா மட்டும் இது சரி. ஆள் இல்லாத வீட்டுக்கு, பிளக்கில செருகி வச்சா கரண்ட் நிண்ட உடன தானாத் தொடங்குற பற்றறி எயார் பம்ப் இருக்கு, விலை கூடத்தான், ஆனா பீடரா இதுவா எண்டு என்னட்டக் கேட்டா நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லுவன். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸிலயும் எயார் பம்ப்பைப் போடலாம், ஆனா சிலது "ஒண்டும் பெரிசா ஓடேல்லை" எண்டு நினைச்சுத் தானே நிண்டுடும், போறதுக்கு முதல் மெயினை நிப்பாட்டி ரெண்டு மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கோ.

கூரையில சோலர் இருக்குத்தானே எண்டு நம்பி இருக்கிற ஆக்களுக்கு: பற்றறி இல்லாம லைனோட மட்டும் இணைச்ச சோலர், லைன் போனா தானும் நிண்டுடும், உச்சி வெய்யில் எறிச்சாலும் சரி. கமராவும் அப்பிடித்தான். கரண்ட் போக ரவுட்டரும் போகும், அதால பாக்க வேண்டிய நேரத்தில மட்டும் கமரா வேலை செய்யாது. ரவுட்டருக்கு சின்ன யூபிஎஸ் போட்டிருந்தா சரி, இல்லாட்டி அது சென்னையில இருந்து கவலைப்படுறதுக்கு மட்டும் உதவும்.

எயார் பம்ப்பைத் தொட்டித் தண்ணி மட்டத்துக்குக் கீழ வச்சிருக்கிற ஆக்கள் ரியூப்பில ஒருவழி வால்வு ஒண்டு போடுங்கோ. கரண்ட் நிண்டா தண்ணி ரியூப் வழியாப் பின்னால இழுத்து பம்ப்புக்குள்ளயும் நிலத்திலயும் வரும். சின்னச் சாமான்தான், அது இல்லாம எங்கட ஹோல் சீமெந்து நிலம் ஒருக்கா நல்லாக் கழுவுப்பட்டுது.

வெளிக்கிடேக்க

போறதுக்கு ரெண்டு நாளுக்கு முதல் கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்கோ. "ஊருக்குப் போறம், வடிவாக் கழுவி விடுவம்" எண்டு பில்டரைப் பைப் தண்ணியில தேய்ச்சுக் கழுவினா அந்தக் குளோரினிலயே பற்றீரியா முடிஞ்சுது. போறதுக்கு முந்தின ரெண்டு கிழமைக்குள்ள புது மீன் விட வேண்டாம். லைற்றை ரைமரில ஆறு மணித்தியாலத்துக்கு விடுங்கோ, ரைமர் இல்லாட்டி நிப்பாட்டிட்டே போங்கோ, யன்னல் வெளிச்சம் காணும். சீலை ஒண்டை இழுத்துவிட்டு வெய்யில் நேரே படாமப் பாத்துக்கொண்டு, மேல் மூடிக்குப் பதிலா வலை போட்டா சூடு வெளியில போகும், ஆனா தண்ணி கெதியா வத்தும், தொங்குற பில்டர் எண்டா மட்டம் இறங்கினா தண்ணி இழுக்காது. கண்ணாடியில ஒரு ரேப் துண்டு ஒட்டி, "இதுக்குக் கீழ இறங்கினா இந்த வாளியில இருக்கிற தண்ணியை ஊத்துங்கோ" எண்டு ஆளிட்டச் சொல்லி, வாளியை நிறைச்சுப் பக்கத்திலயே வைச்சுட்டுப் போங்கோ.

மெயின் சுவிச்சுக்கு மேல "நிப்பாட்ட வேண்டாம்" எண்டு பெரிய எழுத்தில ஒரு கடுதாசி ஒட்டுங்கோ. எங்கட வீட்டில அப்பாக்கு, பயணம் வெளிக்கிட்டா கேஸைப் பூட்டி, பைப்பைப் பூட்டி, கடைசியா மெயினையும் இறக்கிப்போட்டுத்தான் படலைக்கு வாற பழக்கம். ஒருக்கா மாங்குளம் தாண்டேக்கதான் சொன்னார், "எல்லாம் நிப்பாட்டிட்டன், பயப்பிடாதை" எண்டு. பஸ்ஸால இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸை மறிச்சுத் திரும்பிப் போனன்.